தலைப்பாகைக்கு வந்த சோதனை

மோதி பாக்கில் ரிங் ரோடு பஸ் ஏறினால் லாஜ்பத் நகரில் இறங்கலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், ஜன்னல் திரை தைக்கக் கொடுக்கவும் நம் குடும்பங்கள் அடிக்கடி போய்வரும் இடம் அது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், சைமன் கமிஷனை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் போய், போலீஸ் தடியடி பட்டு, 1928-ல் காலமான லாலா லஜபதிராய் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1907 மே மாதத்தில், விசாரணை எதுவும் இல்லாமல் அவர் பர்மாவிலுள்ள மாண்டலேக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தச் செய்தி தமிழ்நாட்டையும் உலுக்கியது. பாரதியார் பாடல் தொகுப்பு இல்லாத தமிழ் வீடு தில்லியில் குறைவு. எடுத்துப் புரட்டிப் பாருங்கள், லஜபதிராயைப் பற்றி இரண்டு பாடல்கள் இருக்கும்.

அவரை நாடு கடத்தும் அளவுக்கு அப்படி என்ன நடந்தது? வெடிகுண்டு இல்லை, ரகசியச் சதி இல்லை. புதிதாகக் கால்வாய் வந்த ஒரு வறண்ட பூமியில் குடியேறிய விவசாயிகள், தங்களுக்குக் கொடுத்த வாக்கை சர்க்கார் மாற்றுகிறது என்று கோபப்பட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். அந்தக் கோபம் மூன்று மாதத்தில் வைஸ்ராயையே யோசிக்க வைத்தது. அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இது அசலூர்க் கதை என்று தோன்றலாம். ஆனால் 1907-ல் தில்லி இந்தியாவின் தலைநகரம் அல்ல. தலைநகரம் கல்கத்தா, கோடையில் சிம்லா. தில்லி, பஞ்சாப் மாகாணத்தில் ஒரு ஜில்லா. 1857 கலகத்துக்குப் பிறகு 1858-ல் பஞ்சாபோடு சேர்க்கப்பட்டு, 1912-ல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. லாகூரில் போடும் சட்டம்தான் தில்லிக்கும் சட்டம். இன்று நம்முடைய மோதி பாக் குவார்ட்டர்ஸ் இருக்கிற பூமிக்கும் அன்று லாகூர் சர்க்கார்தான் சர்க்கார்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு வறண்ட மேடு

பஞ்சாப் என்றால் ஐந்து ஆறுகள் பாயும் நாடு, எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு மேற்குப் பஞ்சாபில் அப்படி இல்லை. ஆற்றை ஒட்டிய பள்ள நிலத்தில் கிணறும் பயிரும் இருக்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் மேடான நிலம் பல மைல் அகலத்துக்கு வறண்டு கிடக்கும். மழை ஆண்டுக்குப் பத்து அங்குலம் பெய்தால் அதிகம். அந்த மேட்டுப் பூமிக்குப் 'பார்' என்று பெயர். ராவிக்கும் சீனாபுக்கும் நடுவில் இருந்தது சாந்தல் பார்.

அங்கே மனிதர்களே இல்லை என்று சர்க்கார் ஆவணங்கள் எழுதும் தோரணை நமக்குப் பழக்கமானதுதான். மனிதர்கள் இருந்தார்கள். ஒட்டகமும் மாடும் மேய்த்துக்கொண்டு, மழை பெய்த பக்கம் நகர்ந்துகொண்டே வாழ்ந்தவர்கள். மற்றவர்கள் அவர்களை 'ஜாங்லி' என்றார்கள், அதாவது காட்டார். கால்வாய் வந்தபோது இவர்களுடைய மேய்ச்சல் நிலம்தான் 'காலி நிலம்' என்று அளக்கப்பட்டது. சிலருக்கு அதிலேயே பங்கும் கிடைத்தது. பலருக்குப் பழைய வாழ்க்கை போனதுதான் மிச்சம். இந்தக் கட்டுரை குடியேறியவர்களின் குறையைப் பற்றியது. என்றாலும் அவர்கள் வந்து உட்கார்ந்த இடம் வேறொருவரின் மந்தைவெளி என்பதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது.

1892-ல் சீனாப் ஆற்றின் குறுக்கே கான்கி என்ற இடத்தில் அணை கட்டிக் கீழ்ச் சீனாப் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில்தான், 1895-ல், நம் பக்கத்தில் பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பெரியாற்றுத் தண்ணீர் மதுரைப் பக்கம் ஏற்கெனவே இருந்த கிராமங்களுக்குப் போயிற்று. சீனாப் தண்ணீருக்குக் கிராமமே இனிமேல்தான் உண்டாக்க வேண்டும். நிலம் முழுவதும் சர்க்காருடையது, ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர். அதில் யாரை வைப்பது, எந்த நிபந்தனையில் வைப்பது என்பதையெல்லாம் சர்க்காரே தீர்மானிக்கலாம். எந்த அரசாங்கத்துக்கும் இப்படி ஒரு வெற்றுப் பலகை கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் சும்மா இருக்குமா?

கோடு போட்ட ஊர்கள்

நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். ஒரு சதுரம் 1,100 அடிக்கு 1,100 அடி, கிட்டத்தட்ட 28 ஏக்கர். அதற்கு 'முரப்பா' என்று பெயர். (நாம் ஜாடியில் போட்டு வைக்கும் நெல்லிக்காய் முரப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வேறு சொல், ஓசை மட்டும் ஒன்று.) ஒவ்வொரு சதுரத்தையும் 25 'கில்லா'வாகப் பிரித்தார்கள். ஊர்களுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லை. 'சக்' என்று சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். எந்தக் கிளைக் கால்வாயில் இருக்கிறது என்பதற்கு இரண்டு எழுத்து. 'சக் நம்பர் 105 ஜி.பி.' என்றால் கூகேரா பிராஞ்சில் உள்ள 105-வது ஊர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காலனியின் தலைநகருக்கு மட்டும் பெயர் கிடைத்தது. லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜேம்ஸ் லயலின் பெயரால் லயல்பூர். நடுவில் மணிக்கூண்டு, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுக் கடைவீதிகள். மேலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கொடியைப் போல இருக்கும். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் பைசலாபாத்.

யாரை வைத்தார்கள்? அமிர்தசரஸ், குருதாஸ்பூர், ஜாலந்தர், ஹோஷியார்பூர் போன்ற நெரிசலான ஜில்லாக்களில், பாகப்பிரிவினையில் நிலம் சுருங்கிப்போன குடியானவர்களை. ஜாட் சீக்கியர்கள், முஸ்லிம் ஆராயின்கள், இந்து விவசாயிகள் என்று கைத்திறன் உள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். சாதாரணக் குடியானவர் 'ஆபாத்கார்', அவருக்கு அரைச் சதுரம் முதல் மூன்று சதுரம் வரை. அதற்கு மேல் நடுத்தர மிராசுகளுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் கூடுதல் சதுரங்கள். ஆனால் காலனியில் பெரும்பகுதி குடியானவர்களுடையதுதான்.

முதலில் வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரயில் பாதை இன்னும் போடவில்லை. முள்புதரை வெட்டித் தள்ளி, வாய்க்கால் வெட்டி, இரவில் மாடு திருடு போகாமல் காவல் இருக்க வேண்டும். தாக்குப்பிடிக்க முடியாமல் ஊர் திரும்பியவர்களும் உண்டு. இருந்தவர்கள் ஜெயித்தார்கள். கோதுமையும் பருத்தியும் கொட்டின. 1901 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் காலனியில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் மந்தைகள் மேய்ந்த இடம்! இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை இங்கிருந்து போயிற்று. சர்க்காருக்கும் பெருமை, குடியானவருக்கும் மகிழ்ச்சி.

நிபந்தனைகள்

நிலம் கையில் கிடைத்தபோது கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியலும் கிடைத்தது. நிலத்தை வாங்கியவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வீட்டை ஊர்த் திட்டப்படி கட்ட வேண்டும். மரம் நட வேண்டும், இருக்கிற மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. முற்றத்தில் குப்பை சேரக்கூடாது. ஐந்து வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டால் பரம்பரையாக அனுபவிக்கும் சாகுபடி உரிமை கிடைக்கும்.

சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நமக்கு இதெல்லாம் புரியாத சங்கதியா என்ன? பால்கனியை அடைக்கக்கூடாது, உள்வாடகைக்கு விடக்கூடாது என்று அலாட்மெண்ட் காகிதத்தோடு நமக்கும் ஒரு பட்டியல் வருகிறது. ஆனால் ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர்கள் என்று தெரிந்தே நாம் குடிபோகிறோம். ஊரில் ஒரு மனை, அல்லது துவாரகாவிலோ நொய்டாவிலோ ஒரு ஃபிளாட் என்று வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறோம். லயல்பூர்க் குடியானவருக்கு அப்படிச் சொல்லப்படவில்லை. 'இது உன் நிலம், உன் பிள்ளைக்கும் அவன் பிள்ளைக்கும்' என்ற நம்பிக்கையில்தான் பூர்வீக ஊரில் இருந்த துண்டு நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பாத்திரம் பண்டத்தோடு வந்து சேர்ந்தார். பிரச்சினையின் ஆணிவேர் இந்த இடத்தில் இருக்கிறது.

நிபந்தனை மீறினால் அபராதம். மேலதிகாரி நல்லவராகவே இருந்தாலும், நிபந்தனை மீறப்பட்டதா இல்லையா என்று எழுதுவது பட்வாரி, அதாவது நம்மூர்க் கணக்குப்பிள்ளை. முற்றத்தில் சாணி கிடந்ததா, மாமன் கல்யாணத்துக்கு ஜாலந்தர் போனவர் 'குடியிருக்கவில்லை'யா என்பதெல்லாம் அவருடைய பேனா முனையில். தண்ணீர் பாய்ந்ததாகக் கணக்கெழுதுவதும் கால்வாய்ச் சிப்பந்தி. கை நனைக்காமல் காரியம் நடக்காது என்ற நிலை வந்தது. வருஷத்துக்கு வருஷம் அபராதம் பெருகியது. அந்த அபராதத்துக்குச் சட்டத்தில் சரியான ஆதாரமும் இல்லை. கோர்ட்டுக்குப் போனவர்கள் சிலர் அதை நிரூபித்தார்கள்.

சர்க்கார் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் விசித்திரமானது. அபராதத்தை நிறுத்துவதற்குப் பதிலாகச் சட்டத்தை மாற்றத் தீர்மானித்தார்கள்.

1906-ன் மசோதா

1906 அக்டோபரில் பஞ்சாப் சட்டசபையில் ஒரு காலனி மசோதா வந்தது. சட்டசபை என்றதும் இன்றைய சபையை நினைக்க வேண்டாம். 1897-ல் ஏற்படுத்திய அந்தச் சபையில் உறுப்பினர்கள் ஒன்பது பேர், அத்தனை பேரும் சர்க்கார் நியமித்தவர்கள். குடியானவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட அதில் கிடையாது.

மசோதாவில் பல விஷயங்கள் இருந்தன. குடியானவரைக் கலங்க வைத்தவை மூன்று.

முதலாவது, வாரிசு. குடியானவர் இறந்தால் நிலம் ஒரே ஒரு வாரிசுக்குத்தான், பொதுவாக மூத்த மகனுக்கு. உயில் எழுதி மாற்ற முடியாது. நேர் வாரிசு இல்லையென்றால் நிலம் சர்க்காருக்கே திரும்பும். சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் இல்லாமல் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்துப் பிரித்துத்தான் ஜாலந்தரில் நிலம் கைக்குட்டை அளவுக்கு வந்தது, புது நாட்டிலும் அதே கதி நேரக்கூடாது என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் மூன்று பிள்ளைகளும் சேர்ந்துதானே முள்ளை வெட்டினார்கள்? இளையவன் இரண்டு பேரும் எங்கே போவார்கள்? பஞ்சாப் வழக்கத்தில் மகன்கள் எல்லோருக்கும் சம பங்கு, நம் பக்கத்தில் இருப்பது போலவே. ஒரு குடும்பத்தில் அண்ணனை முதலாளியாகவும் தம்பிகளைக் கூலியாகவும் ஆக்கும் சட்டத்தை எந்தத் தாய் ஏற்றுக்கொள்வாள்?

இரண்டாவது, புது நிபந்தனைகள் பழைய குடியானவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பேச்சுப் பேசி நிலத்தில் இறங்கியவருக்கு இன்று வேறொரு பேச்சு. அதுவரை சட்ட ஆதாரமில்லாமல் வாங்கிய அபராத முறைக்கும் இனிமேல் சட்டப் பாதுகாப்பு.

மூன்றாவது, கோர்ட் கதவை அடைத்தார்கள். காலனி அதிகாரி உத்தரவு போட்டால் சிவில் கோர்ட் தலையிட முடியாது. என் அபிப்பிராயத்தில் மூன்றிலும் மோசமானது இதுதான். கெட்ட சட்டத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், முறையிட ஓரிடம் இருந்தால்.

போதாக்குறைக்கு அதே சமயத்தில் பாரி தோவாப் கால்வாயில் தண்ணீர்த் தீர்வையை ஏற்றினார்கள். அமிர்தசரஸ், லாகூர் பக்கம் அது கசந்தது. ராவல்பிண்டி ஜில்லாவில் நிலவரியை உயர்த்தினார்கள். பருத்தியில் புழு விழுந்திருந்தது. இதற்கெல்லாம் மேலே பிளேக். 1907-ம் ஆண்டில் மட்டும் பஞ்சாபில் ஏறக்குறைய ஆறு லட்சம் பேரைக் கொள்ளை நோய் கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வீடு சாவு விழும் காலத்தில், வாரிசு இல்லாவிட்டால் நிலம் சர்க்காருக்கு என்று சொல்லும் சட்டம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பகடி ஸம்பால்

முதலில் குடியானவர்கள் செய்தது மனுப் போட்டதுதான். காலனிக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். விவசாயிகளுக்காகவே சிராஜுத்தீன் அகமது நடத்திய 'ஜமீன்தார்' என்ற உருதுப் பத்திரிகை அவர்கள் கட்சியை எடுத்துச் சொன்னது. (அங்கே ஜமீன்தார் என்றால் எட்டயபுரம் ஜமீன்தார் மாதிரி அல்ல, நிலம் வைத்திருக்கும் எந்தக் குடியானவரும் ஜமீன்தார்தான்.) மனுக்கள் கோப்பில் தூங்கின. 1907 தொடக்கத்தில் மசோதா நிறைவேறியது. வைஸ்ராயின் கையெழுத்து மட்டும் பாக்கி.

மார்ச் மாதம் லயல்பூரில் மாட்டுச்சந்தை கூடிய சமயத்தில் பெரிய கூட்டம் போட்டார்கள். லஜபதிராயைப் பேச அழைத்தார்கள். அவர் லாகூர் வக்கீல், ஆரிய சமாஜத்துக்காரர், ஆத்திரப்பட்டுப் பேசும் வழக்கமில்லாதவர். அவரோடு 26 வயது இளைஞர் ஒருவரும் பேசினார். பெயர் அஜித் சிங். இவர் நிதானமாகப் பேசுகிறவர் அல்ல. லாகூரில் சங்கம் நடத்தி, ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தீர்வை கட்டாதே, வரி கட்டாதே என்று சொல்லி வந்தவர்.

அந்தக் கூட்டத்தில் 'ஜாங் சியால்' பத்திரிகை ஆசிரியர் பாங்கே தயால் ஒரு பஞ்சாபிப் பாட்டைப் பாடினார். 'பகடி ஸம்பால் ஜட்டா' என்பது அதன் பல்லவி. தமிழில் பகடி என்றால் கேலி. அங்கே பகடி என்றால் தலைப்பாகை. 'குடியானவனே, தலைப்பாகையைப் பார்த்துக்கொள்' என்பது பொருள். நம் கிராமங்களில் தோள்துண்டுக்கு என்ன அர்த்தமோ அதைவிடப் பத்து மடங்கு அர்த்தம் பஞ்சாபில் தலைப்பாகைக்கு. அது தரையில் விழுந்தால் குடும்ப மானம் விழுந்ததாக எண்ணுவார்கள். ஏக்கர் கணக்கும் தீர்வைக் கணக்கும் பேசிக்கொண்டிருந்த விவகாரத்தை அந்தப் பாட்டு மானப் பிரச்சினையாக்கியது. கிளர்ச்சிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஏப்ரலில் அஜித் சிங் ராவல்பிண்டியில் பேசினார். கூட்டத்துக்குத் தொடர்புடைய வக்கீல்கள் மேல் சர்க்கார் நடவடிக்கை எடுக்கப்போக, மே 2-ம் தேதி அங்கே கலவரம் வெடித்தது. வக்கீல்கள் சிறைக்குப் போய், சில மாதங்கள் கழித்துக் குற்றம் நிரூபணமாகாமல் விடுதலையானார்கள்.

லாகூரும் சிம்லாவும்

அப்போது லாகூரில் லெப்டினன்ட் கவர்னராகப் புதிதாக வந்திருந்தவர் டென்ஸில் இபட்ஸன். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1881 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் பஞ்சாபின் ஜாதிகளைப் பற்றி இவர் எழுதிய பகுதி இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல். பஞ்சாபிக் குடியானவனை இவரை விட நன்றாக அறிந்த வெள்ளைக்காரர் அன்று இருந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்தான், குடியானவனுக்குத் தானாகக் கோபம் வராது, பட்டணத்து வக்கீல்களும் ஆரிய சமாஜமும் தூண்டிவிடுகிறார்கள் என்று ஏப்ரல் 30-ம் தேதி மேலிடத்துக்கு எழுதினார். ஒருவரைப் பற்றிப் புத்தகம் எழுதும் அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பதும், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் வேறு வேறு காரியங்கள் போலும்.

1857 கலகம் நடந்து சரியாக 50 வருஷம். வெள்ளைக்காரர் வட்டாரங்களில் மே 10-ம் தேதி ஏதோ நடக்கப் போகிறது என்ற வதந்தி. மே 9-ம் தேதி லஜபதிராயைப் பிடித்து மாண்டலேக்கு அனுப்பினார்கள். பயன்படுத்தியது 1818-ம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷன். குற்றச்சாட்டும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் அஜித் சிங்கையும் அதே இடத்துக்கு அனுப்பினார்கள். இதற்கு ஒப்புதல் கொடுத்த இந்திய மந்திரி ஜான் மார்லி, வாழ்நாள் முழுவதும் தனிமனித சுதந்திரத்தைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர்!

ஆனால் சிம்லாவில் உட்கார்ந்திருந்த வைஸ்ராய் மிண்டோ இன்னொரு கணக்கும் போட்டார். இந்திய ராணுவத்தின் முதுகெலும்பு பஞ்சாபிச் சிப்பாய். சீக்கியரானாலும் பஞ்சாபி முஸ்லிமானாலும், அவன் அப்பனோ அண்ணனோ கால்வாய்க் காலனியில் நிலம் வைத்திருப்பான். நாளை தனக்கும் ஒரு முரப்பா கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் பட்டாளத்திலேயே சேர்ந்திருப்பான். வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் சர்க்கார் நிலத்தைப் பிடுங்குகிறது என்று இருந்தால் என்ன ஆகும்? சேனாதிபதி கிச்சனருக்கும் அதே கவலை. மசோதாவை இப்போது கைவிட்டால் சர்க்கார் பயந்துவிட்டது என்பார்கள் என்று இபட்ஸன் வாதாடினார். மிண்டோ கேட்கவில்லை. 1907 மே 26-ம் தேதி மசோதாவுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பாரி தோவாப் தீர்வை உயர்வையும் நிறுத்தி வைத்தார்கள். காலனி ஊர்களில் கொண்டாட்டம். நவம்பரில் லஜபதிராயும் அஜித் சிங்கும் விடுதலையாகி வந்தார்கள்.

தூரத்து சர்க்காருக்கும் எல்லைப்புறக் குடியேறிகளுக்கும் இப்படி உரசல் வருவது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில், 1791-ல், யுத்தக் கடனை அடைக்க விஸ்கிக்கு வரி போட்டார்கள். மேற்குப் பென்சில்வேனியாவில் குடியேறியவர்களுக்கு விஸ்கி குடிப்பதற்கு மட்டுமல்ல. மலையைத் தாண்டித் தானிய மூட்டையைக் கொண்டுபோய் விற்க முடியாது, காய்ச்சி விஸ்கியாக்கினால்தான் கட்டுப்படியாகும். அங்கே அதுவே பணம் மாதிரி. 1794-ல் வரி அதிகாரியின் வீட்டை எரித்தார்கள். ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார், தானும் கூடவே கொஞ்ச தூரம் போனார். படை போய்ச் சேர்வதற்குள் கலகக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். வரி 1802-ல் ரத்தாயிற்று. வாஷிங்டனால் 'நீங்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டம்' என்றாவது சொல்ல முடிந்தது. மிண்டோவுக்கு அந்த வார்த்தையும் கிடையாது. படையை அனுப்பலாம் என்றால், அந்தப் படையே லயல்பூர்க்காரர்களின் பிள்ளைகள்.

இதில் கவனிக்க வேண்டியது, கிளர்ந்தெழுந்தவர்கள் சர்க்காரின் விரோதிகள் அல்ல. சர்க்காரே ஆயிரத்தில் ஒருவராகப் பொறுக்கியெடுத்துக் குடியேற்றியவர்கள். 1907-க்கு முன்பு பிரிட்டிஷாருக்கு பஞ்சாபில் இவர்களை விட விசுவாசமானவர்கள் கிடையாது. பட்டினியும் இவர்களைக் கிளப்பவில்லை. பழைய ஊரில் இருந்ததை விட நன்றாகவே இருந்தார்கள். நிலத்தை நான் உண்டாக்கினேன், ஆகவே எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றுவேன் என்றது சர்க்கார். தண்ணீரை நீ கொண்டுவந்தாய், நிலத்தை நாங்கள் உண்டாக்கினோம் என்றார்கள் குடியானவர்கள்.

பிறகு

ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அது 1908-ல் கொடுத்த அறிக்கை ஏறக்குறைய எல்லா விஷயத்திலும் குடியானவர் பக்கம் பேசியது. 1912-ல் வந்த புதுக் காலனிச் சட்டம், பணம் கட்டி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியைத் திறந்தது. அந்தச் சட்டம் திருத்தங்களோடு பாகிஸ்தான் பஞ்சாபில் இன்றும் இருக்கிறது.

இபட்ஸன் 1908 பிப்ரவரியில் நோயால் காலமானார். அஜித் சிங் 1909-ல் நாட்டை விட்டுப் போனவர், ஈரான், ஐரோப்பா, பிரேசில் என்று கிட்டத்தட்ட 38 வருஷம் சுற்றிவிட்டு 1947-ல் திரும்பி வந்தார். சுதந்திரம் பிறந்த அதே ஆகஸ்டு 15-ம் தேதி டல்ஹௌஸியில் காலமானார். 2020-21-ல் தில்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் விவசாயிகள் முகாமிட்டிருந்தபோது, அவருடைய பிறந்த நாளான பிப்ரவரி 23-ஐ 'பகடி ஸம்பால்' நாளாகக் கொண்டாடினார்கள்.

அஜித் சிங்குக்கு ஓர் அண்ணன், கிஷன் சிங். ஜாலந்தர்ப் பக்கத்து கட்கர் கலான் கிராமத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பத்துக்கும் லயல்பூர் காலனியில் நிலம் கிடைத்திருந்தது. கிளர்ச்சி ஓய்ந்த அந்த 1907 செப்டம்பரில் கிஷன் சிங்குக்கு ஒரு மகன் பிறந்தான். பிறந்த ஊர் சக் நம்பர் 105 ஜி.பி. பையனுக்கு வைத்த பெயர் பகத் சிங். கோல் மார்க்கெட்டில் நம்மவர்கள் பலர் வசித்த தெருவுக்கு அவர் பெயர்தான்.

நாற்பது வருஷம் கழித்து, அந்த முரப்பாக்களுக்கு 1907-ஐ விடப் பெரிய சோதனை வந்தது. தேசம் பிரிந்தபோது லயல்பூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிற்று. இந்து, சீக்கியக் குடியானவர்கள் மாட்டு வண்டிகளில் மைல் கணக்கில் வரிசையாகக் கிளம்பி வந்தார்கள். அவர்களும் மேற்குப் பஞ்சாபின் மற்றவர்களும் விட்டு வந்தது ஏறக்குறைய 67 லட்சம் ஏக்கர். கிழக்குப் பஞ்சாபிலிருந்து போன முஸ்லிம்கள் விட்டுச் சென்றது 47 லட்சம் ஏக்கர்தான். இந்தப் பற்றாக்குறையைப் பங்கிட, தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஒரு கணக்கு வகுத்தார். நிலத்தின் விளைச்சலை வைத்து 'ஸ்டாண்டர்டு ஏக்கர்' என்று ஓர் அளவு. பத்து ஏக்கர் வரை உரியவருக்குக் கால் பங்கு வெட்டு, நிலம் கூடக்கூட வெட்டும் கூடும், ஆயிரம் ஏக்கருக்கு மேல் உள்ள பகுதிக்கு நூற்றுக்கு 95 பங்கு வெட்டு. கால்வாய்க் காலனி நிலம் நல்ல விளைச்சல் நிலமாதலால் அந்த அளவில் அதற்கு மதிப்பு உயர்ந்து நின்றது.

பத்திரங்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. ஆகவே முதலில் வாய்மொழியாகத்தான் கேட்டார்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து, இவருக்கு எத்தனை கில்லா இருந்தது, உண்மையா என்று அண்டை வயல்காரரைக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். ஊர்ப் பெயர் என்ன என்றதற்கு லயல்பூர்க்காரர்களில் பெரும்பாலோர் சொன்னது, ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும்.